நெய்தலும் உவர்மண்ணும்

நெய்தலை இரங்கல் என்னும் உரிப்பொருளுள் அடக்கிவிடுதல் நமது ஆய்வுலகில் நிலைத்துவிட்ட வழக்கமாகும். தொல்காப்பியரோ நிலத்தை முதற்பொருளாகவும், மரம், உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாகவும் கொண்டார். சங்கச் செய்யுட்களில் வரும் கண்டல் வெறும் அணியன்று. ஒட்சிசன் அருகிய உவர்ச்சேற்றில் வாழவல்ல மரம் அது. அத்தகைய சேற்றை வடித்து உலர்த்தின், அதிலுள்ள கந்தகச் சேர்வைகள் அமிலமாகி மண்ணைக் கெடுத்தலும் உண்டு என்பது மண்ணியலார் முடிபு. எனவே நிலம் மாறாப் பின்னணியன்று. மனித உழைப்பாலும் உற்பத்தி உறவுகளாலும் மாறுவது. காங்கேசன்துறையில் 1950இல் நிறுவப்பெற்று 1990இல் மூடப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழப்பட்டது. அதற்குக் கிழக்கே, உவர்நீரைத் தடுக்கும் பொருட்டுத் தொண்டைமானாற்றில் தடுப்பணை எழுந்தது. இத்தகைய மாற்றங்களைக் காணாது நெய்தலை விளக்கும் திறனாய்வு, உப்பு விளைத்தோரையும் வலை வீசியோரையும் மறந்து, தலைவியின் கண்ணீரை மட்டுமே காண்பதாகும்.