பேர்டோ: செயலும் பெயரும்

முன்னுரை

தாவிக் குதித்து முன்னேறும் வகை நிகழ்பட விளையாட்டுகளில் பகைப்பாத்திரம் பெரும்பாலும் தடையாகவே அமையும். இப்பொதுநெறியினின்று விலகி நிற்பது ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ விளையாட்டில் இடம்பெறும் பேர்டோ. அப்பாத்திரத்திற்கு ஆட்டம் தரும் பொருளும் கையேடு தரும் பொருளும் முரண்படுமாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

1987இல் ஜப்பானில் வெளிவந்த, நிண்டெண்டோ உருவாக்கிய ‘யுமே கோஜோ: டோக்கி டோக்கி பேனிக்’ என்னும் விளையாட்டே, தலைமைப் பாத்திரங்கள் மாற்றப்பெற்று, 1988இல் அமெரிக்காவில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ என வெளிவந்தது. ஜப்பானில் கேத்தரின் எனப்பட்ட பாத்திரம் ஆங்கிலத்தில் பறவையை நினைவூட்டும் பேர்டோ என்னும் பெயரைப் பெற்றது. எனினும் அதற்குச் சிறகில்லை. குழல் போன்ற வாய், தலையில் நாடா முடிச்சு, வாயினின்று உமிழும் முட்டை ஆகியனவே அதன் அடையாளங்கள்.

ஆட்டம் உணர்த்தும் பொருள்

பேர்டோ உமிழும் முட்டை எதிர்ப்படின் ஊறு செய்யும். மேலேறி நின்றாலோ தாங்கும். அதனையே பெயர்த்தெடுத்து மும்முறை எறிந்தால் பேர்டோ வீழும். முட்டை மட்டுமே உமிழும் முதல் வகையை வெல்லும் கருவியைப் பகையே வழங்குகிறது எனலாம். இரண்டாம் வகை முட்டையுடன் நெருப்பையும் உமிழ்வதால், ஆடுபவர் காலமறிந்து செயற்பட வேண்டியுள்ளது. மூன்றாம் வகை நெருப்பை மட்டுமே உமிழும். எனவே அங்குள்ள காளான் கட்டிகளைக் கருவியாக்க வேண்டும். பகை கற்பித்த பாடம் பகையின் துணையின்றியே கைக்கொள்ளப்படும் வளர்ச்சி இங்குப் புலனாகிறது. நான்காம் உலகின் மூன்றாம் கட்டத்திலோ முட்டையே இடைவெளியைக் கடத்தும் ஊர்தியாகிறது. இவையனைத்தும் ஒரு சொல்லுமின்றி உணர்த்தப்படுதல் கருதத்தக்கது.

கையேடு உரைக்கும் பொருள்

அமெரிக்கப் பதிப்பின் கையேடு பேர்டோவை ஆண்பாலால் சுட்டி, அது தன்னைப் பெண்ணெனக் கருதுவதாகவும் வேறொரு பெயரால் அழைக்கப்பட விரும்புவதாகவும் எள்ளல் தொனியில் கூறுகிறது. விருப்பத்தைப் பதிவுசெய்த தொடரே அதனை மறுக்கவும் செய்கிறது. ஆட்டத்தில் இவ்வெள்ளலுக்குச் சான்றில்லை. அன்றியும், விளையாட்டின் இறுதிப் பட்டியலில் பேர்டோவின் பெயரும் தீக்கோழி வடிவப் பாத்திரமான ஓஸ்ட்ரோவின் பெயரும் இடம் மாறியுள்ளன. பெயரிலேயே பிழைபட்ட புறச்சான்றினைப் பாத்திரத்தின் இயல்புக்கு முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கதைக்குத் திரையில் இடம் அருகிய அக்காலத்தில் கையேடும் படைப்பின் உறுப்பே என்பர். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் பாயிரம் நூலொடு பொருந்துதல் வேண்டும். இங்கு ஆட்டம் காட்டுவது நாடா முடிச்சை மட்டுமே, அதனை எள்ளவில்லை.

முடிவுரை

2000இல் வெளிவந்த ‘மாரியோ டென்னிஸ்’ விளையாட்டில் பேர்டோ ஆடுபவர் தேர்ந்துகொள்ளும் பாத்திரமாயிற்று. பின்வந்த படைப்புகள் பலவற்றில் பெண்பாலாகவும் சுட்டப்பெற்றது. கையேட்டின் ஒற்றைத் தொடர் எள்ளியதை ஆட்டம் முதலிலிருந்தே மதித்தது. இத்தகு படைப்புகளை ஆராய்வோர் எழுதப்பட்டதைக் காட்டிலும் நிகழ்த்தப்படுவதையே முதற்சான்றாகக் கொள்ளல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.