அட்டெண்ட் ஆய்வும் எங்க வீட்டு எக்செல் ஷீட்டும்

2017-இல் லான்செட் இதழில் வந்த 'அட்டெண்ட்' ஆய்வை முதல் தடவை படிச்சப்போ எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், பக்கவாதம் வந்த 1,250 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதற்கு மேல் கூடுதலாக, வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்தார்கள்: எப்படிப் படுக்க வைப்பது, எப்படித் தூக்கி உட்கார வைப்பது, எந்தெந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. வீடு திரும்பிய பிறகும் இரண்டு மாதம் வரை வந்து பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரை நம்பியே இருக்க வேண்டியவர்களும் எத்தனை பேர் என்று எண்ணினால், இந்தப் பக்கம் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம்.

ஒன்றுமே மாறவில்லை. எரிச்சலுக்குக் காரணம், அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்த பிறகு நாங்களும் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

நான் மருத்துவன் இல்லை, பி.இ. படித்த மென்பொருள்காரன். ஆனாலும் இந்த முடிவை எப்படி வாசிக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "வீட்டில் செய்யும் தெரபி வீண்" என்று இதைக் காட்டிச் சிலர் பேசுகிறார்கள். ஆய்வு அதைக் கேட்கவே இல்லை. தெரபிஸ்ட் செய்யும் வேலையில் ஒரு பங்கைக் குடும்பத்தின் கைக்கு மாற்றினால் பலன் கூடுமா என்பதுதான் கேள்வி. கூடவில்லை. புது ஆதாரம் வரும்வரை அப்படி மாற்றும் சேவைகளுக்குப் பணம் போட எங்கள் முடிவு ஆதரவு தராது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பாசிட்டிவாக ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று நீட்டி முழக்காமல் இப்படி எழுதியதற்கு அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

என் விமர்சனம் வேறு. 'குடும்பம்' என்ற சொல் அந்தத் திட்டத்தில் ஒரு காலிப் பெட்டி மாதிரி நிற்கிறது. எங்கள் தொழிலில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு வேலையைத் தள்ளும்போது, அந்த இன்னொன்று ஏற்கனவே எவ்வளவு சுமையில் இருக்கிறது என்று பார்ப்போம். பார்க்காமல் தள்ளினால் ரெண்டும் படுத்துவிடும். பார்த்துக்கொள்கிறவரின் சுமையை இந்த ஆய்வும் அளந்தது, ஆனால் விளைவாகத்தான் அளந்தது. சுமையைக் குறைக்க ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுவது சிகிச்சையின் மையமாக இல்லை.

எங்கள் வீட்டில் 'குடும்பம்' என்றால் அம்மா. வயது 64, ரெண்டு முட்டியிலும் வலி. வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் நல்ல பையன், எட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து ஒரு தாளில் படமும் போட்டுக் கொடுத்தார். நான் என் பங்குக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டேன். தேதி, பயிற்சி, எத்தனை தடவை, எத்தனை நிமிஷம். தினமும் ராத்திரி போன் பண்ணி அம்மாவிடம் கேட்டு நிரப்புவேன். "பத்து தடவை செஞ்சாச்சுப்பா" என்பார். மூன்று வாரத்துக்குப் பத்து, பத்து, பத்து. ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது, பாதி நாள் ஒன்றும் நடக்கவில்லை. கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், ரெண்டு படி இறங்கணும். அப்பாவை அங்கே கூட்டிப்போய்க் கூட்டிவருவதிலேயே அம்மாவின் இடுப்பு போய்விட்டது. அதற்கப்புறம் யார் கையைத் தூக்கிப் பயிற்சி கொடுப்பது?

வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு எந்த ஆய்விலும் பெரும்பாலும் வீட்டுக்காரர்களின் வாய்மொழிதான் ஆதாரம். என் ஷீட்டிலும் அதேதான்.

மருத்துவச் சமூகப் பணியாளர் என்று ஒருவர் வந்திருந்தால் முதல் நாளே அந்த ரெண்டு படியைப் பார்த்திருப்பார். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கச் சொல்லியிருப்பார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எங்கே போகணும், 40 சதவீத வரம்பு என்றால் என்ன, பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழை வீட்டிலிருந்தே எப்படிக் கொடுப்பது என்று சொல்லியிருப்பார். முக்கியமாக, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று அம்மாவைக் கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை மகன் நானே கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பெரிய காரியம், சந்தேகமில்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் வருகிறவர்களின் வரிசையைப் பாருங்கள்: பெண் சுகாதாரத் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர், செவிலியர். சமூகப் பணியாளருக்கு என்று தனி இடம் இல்லை. அந்த வேலையும் தன்னார்வலர் தலையில்தான் விழும், மாத்திரை கொடுக்கும் ஐந்து நிமிஷத்துக்குள்.

அமெரிக்காவைப் பார்த்து ஏங்கவும் தேவையில்லை. அங்கே மெடிகேர் விதிகளில் வீட்டு சிகிச்சையின் கீழ் சமூகப் பணி உண்டு, ஆனால் அது தனியாக வர முடியாது. செவிலியர் அல்லது தெரபிஸ்ட் தேவை என்று முதலில் நிரூபித்தால்தான் பின்னாலேயே இவரும் வருவார். குடும்பத்தாருக்காக மட்டும் என்றால் ரெண்டு மூணு வருகை என்பதுதான் விதி காட்டும் உதாரணம், அதுவும் நோயாளி தேறுவதற்கு நேரடித் தடை இருப்பதாகக் காட்டினால். கஞ்சத்தனம்தான். ஆனாலும் பார்த்துக்கொள்கிறவர் தளர்ந்தால் சிகிச்சை நின்றுபோகும் என்பதை ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அட்டெண்ட் மாதிரி இன்னொரு ஆய்வு இங்கே நடந்தால், ஒரு பக்கம் பயிற்சி மட்டும், இன்னொரு பக்கம் பயிற்சியோடு சமூகப் பணியாளர் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதுவும் 47-க்கு 47 என்று வந்தால் ஒத்துக்கொள்கிறேன்.

ஷீட்டில் இப்போது ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: 'அம்மா தூங்கிய மணி'. போன வாரம் ரெண்டு நாள் ஏழு என்று சொன்னார். அதையும் நான் முழுசாக நம்பவில்லை.