துவக்கும் காலவழுவும்

காலவழுவை இலக்கண நூலார் கடிவர். ஒரோவழி வழுவமைதி எனக் கொள்ளவுஞ் செய்வர். திரைப்படத்திலும் இவ்விரண்டும் உள.

ஹவாட் ஹோக்ஸ் 1948இல் அளித்த 'றெட் றிவர்', 1865ஐ ஒட்டிய மாடோட்டிகளின் கதை. அவர்தம் இடையிலோ 1873இல் தோன்றிய கோல்ற் கைத்துப்பாக்கி! 1865இற்குரிய கைத்துப்பாக்கியில் அறைதோறும் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்தல் வேண்டும். படுவான்கரை வேட்டையாளரின் பழைய துவக்கை அறிந்தார்க்கு அத்தாமதம் விளங்கும். ஆயினும் இறுதிக் காட்சியில் டன்சன் தன்னைச் சுற்றிச் சுடவும் வளர்ப்பு மகன் துப்பாக்கியை எடுத்திலன். சுடாமையே ஆண்டுப் பொருளாதலின், இவ்வழுவை அமைதி என்றே கொள்வேம்.

அன்ரனி மானின் 'வின்செஸ்ரர் 73' (1950) அத்தகையதன்று. 1876 யூலை 4ஆந் திகதிப் போட்டியிற் பரிசான துவக்கு ஒன்றே கைமாறிக் கைமாறிக் கதையை நடத்துகின்றது. ஆண்டு வழுவின் கதையே வழுவும். முந்திய யூன் 25இல் கஸ்ரர் படை அழிந்தது. படைவீரரிடம் ஒருவெடித் துவக்கு. பகைவருட் பலரிடம் தொடர்வெடித் துவக்கு. வீரர் ஒருமுறை சுட்டு மீள நிரப்பும் இடைவெளியிற் பகைவர் பாய்வர் என்பதைக் கதைத்தலைவனே குதிரைப்படையினர்க்கு எடுத்துரைக்கின்றான். அவ்விடைவெளி சில நொடியே. முற்றுகைக் காட்சியின் அச்சமெல்லாம் அதனுள்ளேயே கிடக்கின்றது.