பிள்ளை பிறந்தது சிவகிரிக் கணக்கிலா, நெல்லைக் கணக்கிலா?

தமிழ்நாட்டு மாவட்ட வரைபடத்துக்கு வண்ணம் அடித்து, 'இந்தப் பக்கம் பிள்ளை பெறுவது குறைஞ்சுபோச்சு, அந்தப் பக்கம் கூடிப்போச்சு' என்று எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, பத்தாண்டு வளர்ச்சியை இயற்கை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது. 2001–2011இல் மாநிலம் 15.6% வளர்ந்தது. காஞ்சிபுரம் சுமார் 39% கூடியது, நீலகிரி 3.5% குறைந்தது. நீலகிரியில் பிறப்பைவிட இறப்பு அதிகமாகி வந்த குறைவு அல்ல இது. ஜனங்கள் வெளியேறினார்கள். இயற்கை வளர்ச்சி என்பது பிறப்பில் இறப்பைக் கழித்தால் வருவது மட்டுமே.

சரி, பிறப்பு இறப்புப் பதிவையே பார்க்கலாமே என்றால், அங்கே இரண்டாவது ஓட்டை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். சிவகிரிப் பெண் ராஜபாளையத்தில் பிரசவித்தால் பிள்ளை விருதுநகர் மாவட்டக் கணக்கு. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் என்றால் நெல்லைக் கணக்கு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆவதற்கு முன் சிவகிரியும் நெல்லையும் ஒரே மாவட்டம். அதே பெண், அதே ஆஸ்பத்திரி, ஆனால் பிள்ளை இப்போது வேறு மாவட்டத்தில் ஏறுகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வயது. இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டால், ஊரில் ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்ற விகிதம் இறங்கும், இறப்பு விகிதம் ஏறும். இரண்டு ஊரிலும் ஒரு தம்பதிக்கு ஒன்றரைப் பிள்ளைதான் என்றாலும் வளர்ச்சி வேறுவேறாகத் தெரியும். அதை 'அந்த ஊர்க்காரங்க பழக்கம்' என்று சொல்வது அநியாயம்.

மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் வழக்கமாகக் குடியிருப்பவர்களை வைத்தே எண்ணுகிறார்கள். 2020இல் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.4 என்றது அதுதான். ஆனால் மாவட்ட விகிதம் அதில் கிடைக்காது.

இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. 'இங்கே பிறப்பே குறைவு' என்ற ஒரு வரியை வைத்து, சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு ஆள் போடாமல் விட்டுவிடலாம். ஆள் இல்லாததால் இன்னும் பலர் வெளியூர் போவார்கள், எண்ணிக்கை இன்னும் இறங்கும்.

பிறப்புப் படிவத்தில் தாய் குடியிருக்கும் ஊரும் கேட்கப்படுகிறது. அதன்படி பிரித்து அடுக்கிப் பாருங்கள். வண்ணம் அடிப்பதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.