மூட்டை தாங்குமா இந்த றாக்கை?

பெட்டியின் பக்கத்தில் ஒரு தட்டுக்கு 15 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. மன்னார் வங்காலைக் குசினிக்கு 15 கிலோ எந்த மூலைக்கு? கட்டுக்கரைக் குளத்து நெல்லைக் குத்திய அரிசி 25 கிலோ மூட்டையாக வீட்டுக்கு வரும். சோளகக் காற்று எழும்பி வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களுக்கென்று ரின்களில் கருவாடு இருக்கும். தேங்காய் எண்ணெய்க் கான், தூள் போத்தல்கள், அரைக்கிற மெசின் எல்லாம் சேரும். ஜூலை 26 புனித அன்னம்மாள் திருநாளுக்குச் சொந்தபந்தம் கூடும்போது மட்டும் இறங்கும் பெரிய சட்டிகளுக்கும் இடம் வேண்டும். அம்மாவின் குசினிக்கென்று வாங்கிய இந்தப் பொருத்து றாக்கையை நான் பரிசோதித்தது இந்தப் பாரங்களை வைத்துத்தான்.

ஐந்து தட்டு, ஆளுயரம், 80 சென்ரிமீற்றர் அகலம், 40 ஆழம். பலகை 16 மில்லிமீற்றர் சிப்போட், மேலே வெள்ளை மெலமின் பூச்சு. பின்பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் ஹாட்போட், அதை அடிக்கச் சின்ன ஆணிகள். மூட்டுகளுக்கு மரக்குச்சிகளும் காம் லொக்குகளும். பொருத்துவது சுலபம்: ஒரு அலன் கீயும் ஸ்குரூ டிரைவரும் போதும், படம் பார்த்தே ஒருவர் தனியாக முடித்துவிடலாம். துளைகள் எல்லாம் சரியாக விழுந்திருந்தன. பார்வைக்கும் நல்ல சாமான்தான்.

பாரம் ஏற்றிய பிறகுதான் மற்றது தெரிந்தது. தட்டின் முன்விளிம்பில் இரு முனைக்கும் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு அரிசி மூட்டையை வைத்தேன். வைத்த உடனேயே பலகை நூலை விட்டு 5 மில்லிமீற்றர் அளவுக்குக் கீழே இறங்கியது. மூட்டையை அப்படியே விட்டு மாரி தொடங்கியபின் அளந்தால் இறக்கம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. மூட்டையை எடுத்தும் பலகை முழுதாக நிமிரவில்லை. சிப்போட்டின் குணம் அது. மரத்தூளையும் சீவலையும் பசையில் அழுத்திச் செய்த பலகை நீண்ட பாரத்துக்கு மெல்ல மெல்ல இணங்கிப் போகும், ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாக.

தடிப்பான பலகை வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். தீரும், ஓரளவுக்கு. வளையாமல் நிற்கும் பலம் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 16 மில்லிமீற்றருக்குப் பதில் 25 போட்டால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆனால் பலகையின் சொந்தப் பாரமும் விலையும் ஏறும். அதைவிட மலிவான வழி ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தச்சர் ஐயா காட்டினார். 20 மில்லிமீற்றர் தடிப்பும் 50 மில்லிமீற்றர் அகலமும் உள்ள முதிரைச் சட்டத்தைத் தட்டின் முன்விளிம்புக்குக் கீழே, படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்துப் பசையும் ஸ்குரூவும் போட்டு இறுக்குவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஒற்றைச் சட்டம் முழுத் தட்டையும் விட ஆறேழு மடங்கு விறைப்பு. இதே சட்டத்தைப் படுக்கப் போட்டால் அந்தப் பலனில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு இந்த வேலையின் அடிப்படையாகப் பட்டது. "தம்பி, பாரத்தை ஆணியில தொங்க விடாதயும். பாரம் நிலத்தில இருக்கோணும்." பெட்டியோடு வருகிற வடிவத்தில் ஒவ்வொரு தட்டும் நாலு மூலையில் நாலு சிறு உலோகத் துண்டுகளில் தொங்குகிறது. அவற்றைப் பிடித்திருப்பது அழுத்திய மரத்தூள். ஒருமுறை கழற்றித் திரும்பப் பூட்டினாலே துளையின் சுவர் பொரிந்துபோகும். ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் கீழே இரண்டு பக்கப் பலகையிலும் பின்புறத்திலும் சட்டம் அடித்து, தட்டு அதன்மேல் உட்காரும்படி செய்தோம். கீழ் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நிலத்திலிருந்தே ஒரு கால். தாங்கிகளின் இடைத்தூரம் பாதியானால், சீராகப் பரப்பிய பாரத்துக்கு வளைவு பதினாறில் ஒன்றாகக் குறையும். அதே மூட்டையை வைத்து நூல் கட்டிப் பார்த்தபோது நூலுக்கும் பலகைக்கும் நடுவில் நகம் நுழைய இடமில்லை. மேல் தட்டுகளுக்கு நடுக்கால் வைக்கவில்லை. வைத்தால் பெரிய சட்டி நுழையாது.

பின்பக்க ஹாட்போட்டை ஒப்புக்கு ஒட்டியது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். றாக்கை பக்கவாட்டில் சரியாமல் சதுரமாக நிற்பதே அந்தப் பின்பலகையால்தான். அது தளர்ந்தால் முழுச் சட்டகமும் சாய்சதுரமாகி, காம் லொக்குகள் ஒவ்வொன்றாகத் துளையைப் பெருப்பிக்கும். நாங்கள் அதை எடுத்துவிட்டு 9 மில்லிமீற்றர் பிளைவூட் போட்டு, சாணுக்கொரு ஸ்குரூ அடித்தோம். தள்ளினால் ஆடிய றாக்கை இப்போது அசைவதில்லை.

இனி உப்புக்காற்று. எந்த விளம்பரமும் வங்காலையை நினைத்து எழுதப்படவில்லை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பூநாரைகள் வந்திறங்கும் உவர்நிலம். 2010இல் ரம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சரணாலயம் அது. சோளகம் உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கும். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் அந்த உப்பே நீரை இழுத்துக் கரைந்து ஸ்குரூத் தலையில் ஈரமாக நிற்கும். பெட்டியோடு வந்த நாகப் பூச்சு ஸ்குரூக்களில் சோளகம் முடிவதற்குள் கறள் பிடித்துவிட்டது. மாற்றுவதென்றால் 316 ரக எவர்சில்வர் கேட்டு வாங்குங்கள். மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் கடலுப்பை 304ஐ விட நன்றாகத் தாங்கும். கறுப்பு நிற ஜிப்சம் போட் ஸ்குரூவைக் கையாலும் தொட வேண்டாம், கறளும் பிடிக்கும், பாரத்தில் முறியவும் செய்யும்.

ஈரம் நுழையும் வாசல் பலகையின் முகமல்ல, விளிம்பும் துளையும்தான். பக்கப் பலகைகளின் அடிவிளிம்பை இந்தப் பெட்டியில் பூச்சில்லாமல் வெறுமனே விட்டிருந்தார்கள். நிலம் கழுவுகிற வீட்டில் அது தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பிளக்கும். பொருத்துவதற்கு முன்பே எல்லா வெறும் விளிம்புக்கும், ஒவ்வொரு துளைக்குள்ளும் பொலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு பூச்சுக் கொடுக்க வேண்டும். பொருத்திய பிறகு தூரிகை எட்டாது. றாக்கையைப் பிளாஸ்டிக் கால்களில் ஒரு சாண் உயர்த்தி வைப்பதும் அவசியம். கறையான் ஏறினாலும் கண்ணில் படும்.

சுவரோடு பிணைக்காமல் இதை யாரும் பாவிக்கக் கூடாது. சரியும் தளபாடங்களில் சிக்கிப் பிள்ளைகள் இறந்ததால் 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடி 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்ப அழைத்தது. மிட்டாய் ரின்னை எடுக்கப் பேரப்பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறாத வீடு எது? எங்கள் சீமெந்துக் கல் சுவர்களில் பூச்சோடு நிற்கும் சின்ன ரோல் பிளக் பிடித்துக்கொள்ளாது. பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள், கல்லும் கல்லும் சேரும் இடம் தவிர்த்துத் துளைத்து, நீள பிளக் போட்டு, மேல் தட்டை இரண்டு எல் அங்கிளால் பூட்டுங்கள்.

சட்டம், பிளைவூட், ஸ்குரூ, வார்னிஷ் எல்லாம் சேர்ந்து றாக்கை விலையில் பாதியை நெருங்கின. அந்தப் பணத்தையும் போடத் தயாராக இருந்தால் வாங்கலாம். பெட்டியில் வந்தபடியே மூட்டை ஏற்றப்போகிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர்கள் தச்சரிடம் மரச்சட்டகம் மட்டும் செய்வித்து, தட்டுக்குப் பலகை வெட்டிப் போடுவது நல்லது. இப்போது வீடு வீடாக வருகிற அலுமினியப் பான்ரி கபேட்டுக்குக் கறள் பயம் இல்லை. ஆனால் வாங்குமுன் உள்ளே தட்டைத் தட்டிப் பாருங்கள். சிலதில் தட்டு மட்டும் இதே சிப்போட்தான். எதை வாங்கினாலும் அரிசி அடித்தட்டில், பாவனை குறைந்த சட்டிகள் மேலே, 12.5 கிலோ காஸ் சிலிண்டர் எந்தத் தட்டிலும் இல்லாமல் வெறும் நிலத்தில்.