கடிதம் பூட்டிய கைகள்

கடிதத்தை மூடுவதில் மரபுகள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் உரைகல் ஒன்றுதான்: நடுவழியில் யாராவது பிரித்தால், பிரித்தது தெரிய வேண்டும். அழகெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நமக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு அனுப்பிய ஓலைக்கு மண் இலச்சினை; அந்த மண்ணில் தன் கூந்தலையே ஒற்றியிருந்தாள். பிரிக்கும் முன்பே, அதன் நெய்மணம் எழுதியவள் யாரென்று கோவலனுக்குச் சொல்லிவிட்டது. காவல், அலங்காரம், கையொப்பம் மூன்றும் ஒரே பிடி மண்ணில். இதைவிட உயர்ந்த முத்திரையை நான் எங்கும் படித்ததில்லை.

ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலான கடிதங்களுக்குத் தனி உறை கிடையாது. பிரிட்டனில் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் தபால் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்று கணக்கு. ஆகவே எழுதிய தாளையே மடித்துச் செருகிப் பூட்டினார்கள்.

இந்த மடிப்பு மரபின் சிகரம் சுருள் பூட்டு. 1587 பிப்ரவரி 8 விடியுமுன், தலை வெட்டப்படச் சில மணி நேரமே இருக்கையில், ஸ்காட்லாந்து அரசி மேரி தன் மைத்துனரான பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். தாளின் ஓரத்திலிருந்து மெல்லிய கீற்று ஒன்றை நறுக்கினார். தாளைச் சிறு பொட்டலமாக மடித்து, கத்தியால் துளையிட்டு, கீற்றை உள்ளும் புறமுமாகத் திரும்பத் திரும்பக் கோத்து இறுக்கினார். பசையில்லை, அரக்கில்லை. கீற்றை அறுக்காமல் கடிதத்தைத் திறக்க முடியாது. அவருக்கு மரண தண்டனை விதித்த எலிசபெத் அரசியும் இதே பூட்டைப் பயன்படுத்தியவர்தான்.

அரக்கு மரபு இதைவிடப் பகட்டானது. முதலில் தேன்மெழுகுதான் இருந்தது. கடல்வழி வணிகம் பெருகியபின் நம் நாட்டு அரக்கு அங்கே போய்ச் சேர்ந்தது. அரக்குக் குச்சியைச் சுடருக்குள் நுழைத்தால் கரி படிந்து சிவப்பு கெட்டுவிடும். சுடருக்குச் சற்று மேலே காட்டி இளக்க வேண்டும். தாளில் வைத்து, குச்சி முனையாலேயே வட்டமாகப் பரப்பி, கொஞ்சம் ஆறவிட்டு, ஈரம் தொட்ட முத்திரையை அழுத்த வேண்டும். சாவுச் செய்திக்குக் கறுப்பு அரக்கு. நல்ல அரக்கு நொறுங்கும். அதன் பெருமையே அதுதான். இன்று அலங்காரத்துக்கு விற்கும் ரப்பர் போல வளையும் மெழுகு முறியாமல் அப்படியே உரிந்து வருகிறது. பார்க்க அழகு, ஆனால் அதை முத்திரை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அரக்குக்கும் எதிரி உண்டு. பாரிசிலும் வியன்னாவிலும் அரசின் ‘கறுப்பு அறை’களில் முத்திரையை அச்செடுத்து, கடிதத்தைப் படித்துவிட்டு, மறுபடி மூடி அனுப்பினார்கள். அதனால் என் மதிப்பில் மடிப்புப் பூட்டுக்கே முதலிடம்.

மாவில் செய்த ஒட்டு வில்லைகளும் இருந்தன. ஈரப்படுத்தி அழுத்தினால் போதும். வேலை சுலபம்தான், மரியாதை பார்த்தவர்களோ அரக்கையே நாடினார்கள்.

1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னித் தபால் வந்தது. கட்டணம் எடைக்கு மாறியதால் உறைக்கு வழி பிறந்தது. 1845-இல் எட்வின் ஹில்லும் வாரன் டி லா ரூவும் உறை மடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். பூட்டும் கலை அதோடு தேய்ந்தது. அலங்காரம் மட்டும் வளர்ந்தது. துக்க உறைகளின் கறுப்புக் கரை, நாள் செல்லச் செல்ல அகலம் குறைந்தது. நம் கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் தடவும் மஞ்சளைப் போல, பிரிக்கும் முன்பே சேதி சொன்ன கரை அது.

பழைய பூட்டுகள் சில இன்றும் அவிழாமல் இருக்கின்றன. ஹேக் நகரில் பிரியென் என்ற தபால் அதிகாரியின் பெட்டியில் பட்டுவாடா ஆகாத சுமார் 2,600 கடிதங்கள் தங்கிவிட்டன. அவற்றில் 577 பிரிக்கப்படவே இல்லை. 1697-இல் எழுதிய ஒன்றை எக்ஸ்-கதிர் கொண்டு, மடிப்பைத் தொடாமலே 2021-இல் படித்திருக்கிறார்கள். ஒருவர் தம் உறவினரிடம் இறப்புச் சான்று கேட்ட சாதாரணக் கடிதம். அந்தச் சாதாரண மனிதரின் மடிப்பையும் மதித்தார்களே, அதுதான் எனக்குப் பெரிது.

தபால்தலை சேகரிப்போர் பழங்கடிதங்களை நீவி, தட்டையாக்கி, சட்டமிடுவதை நிறுத்த வேண்டும். மடிப்புத் தடம், கீறல், துளை, உடைந்த அரக்குத் துண்டு ஆகியவற்றையும் பட்டியலில் பதிய வேண்டும். கண்காட்சி நடுவர்கள் அதற்கும் மதிப்பெண் ஒதுக்கட்டும்.