தண்ணீருக்குக் கணக்கு வேண்டாம், உப்புக்கு வேண்டும்

ஈப்போவில் எந்த விருந்துக்குப் போனாலும் ஓர் அறிவுரை காதில் விழும்: தினமும் எட்டு கிளாஸ் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். அதே மேசையில், சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் சீவிய பெரியவர்கள் வேறொன்று சொல்வார்கள்: வியர்வை சிந்துகிற உடம்புக்கு உப்பு வேணும்.

எட்டு கிளாஸ் கணக்கு நிற்கவில்லை. சிறுநீரகம் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டரைத்தான் வெளியே விடுகிறது. ரத்தத்தின் அடர்த்தி நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளை வாசோப்ரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சிறுநீர் சுருங்கும், தாகம் எடுக்கும். கூடுதலாகக் குடித்த ஒரு லிட்டர் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். எட்டு கிளாசுக்கு ஆதாரம் தேடிய ஹைன்ஸ் வால்டின், ஆரோக்கியமானவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று 2002-இல் எழுதினார். அதே ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம்.

பெரியவர்கள் சொன்னதை அப்படித் தள்ள முடியாது. வியர்த்துக் கொட்டிய பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வெறும் தண்ணீர் குடித்துத் தசைப்பிடிப்பில் துடித்ததையும், தண்ணீரில் உப்பு கலந்ததும் அது தணிந்ததையும் மாஸ் என்ற ஆய்வாளர் 1923-இல் பதிவு செய்தார். இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, வெயில் ஏறும்வரை மரம் சீவி, வாளி சுமந்தவருக்குக் கஞ்சியும் கருவாடும் பொருத்தமான சாப்பாடுதான். ஆனால் வெக்கைக்குப் பழகிய உடம்பு வியர்வையிலேயே உப்பைக் குறைத்துக்கொள்ளும். உப்பைத் தக்கவைக்கும் அல்டோஸ்டிரோன் ஹார்மோன் ஏறினால் சிறுநீரில் சோடியம் அநேகமாக நின்றேவிடும். அன்றைக்கே தேவை நினைத்த அளவு பெரிதல்ல.

இன்றோ தோட்டம் செம்பனையாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் ஏர்கோன் அறையில் வேலை பார்க்கிறார்கள். கருவாடு மட்டும் மாறவில்லை. கூடவே மேகியும் கிச்சாப்பும் சேர்ந்துவிட்டன. 2017–18 தேசிய ஆய்வில் மலேசியர் ஒருவர் தினமும் சராசரியாக 7.9 கிராம் உப்பு சாப்பிட்டார். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு.

இங்கேதான் சிறுநீரகத்தின் குணம் தெரிய வேண்டும். தண்ணீரில் அது சுறுசுறுப்பு, உப்பில் நிதானம். திடீரென்று உப்பைக் கூட்டினால், வரவும் செலவும் சமமாக மூன்று நான்கு நாள் பிடிக்கும். அதுவரை உடம்பில் தங்கும் ஒவ்வொரு ஒன்பது கிராம் உப்பும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும், ரத்தக் குழாய்க்குள்ளும் கொஞ்சம் ஏறும். அளவு நிரந்தரமாகக் கூடியே இருந்தால், பலருக்கு ரத்த அழுத்தம் உயர்ந்துதான் அந்தக் கணக்கு நேராகிறது. தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை. சிறுநீர் நீர்த்துப்போகும், அவ்வளவுதான்.

ஆகவே ஆரோக்கியமானவர் தாகத்தை நம்பலாம், நாக்கை நம்பக்கூடாது. தாகம் மங்கிய முதியவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், வெயிலில் வேலை செய்கிறவர்கள் கதை வேறு. மற்றவர்கள் கிளாஸ் எண்ணுவதை விட்டுவிட்டு, மேகிப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்: அங்கே போட்டிருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும்.